டியூலிப் பார்க்க லிஸ்ஸே போகிறவர்களுக்கு

மார்ச் பிறந்துவிட்டால் எனக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளில் பாதி ஒரே கேள்விதான்: "கியூகென்ஹோஃப் போக எந்தத் தேதி நல்லது?" நெதர்லாந்தில், ஆம்ஸ்டர்டாமுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆம்ஸ்தெல்வேனில் குடியிருப்பதால், ஊரிலிருந்து அப்பா அம்மா வகையில் யார் வந்தாலும், ஜெர்மனியிலிருந்தோ லண்டனிலிருந்தோ நண்பர்கள் வந்தாலும், வசந்த காலத்தில் அவர்களை கியூகென்ஹோஃப் பூங்கா இருக்கும் லிஸ்ஸேவுக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பு. அந்த இடம் எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்பதால் ஒருமுறை கூட அலுத்ததில்லை. ஆனால் தாங்களாகவே போய்வந்த சிலர் "அழகாத்தான் இருந்துச்சு, ஆனா ஒரே கூட்டம், படத்துல பார்த்த வயல் எங்கேயும் காணோம்" என்று சொல்லும்போது வருத்தமாக இருக்கும். இவ்வளவு தூரம் வந்து, காசும் செலவழித்து, பாதியைப் பார்க்காமல் திரும்பிவிட்டார்களே என்று. அதனால் கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

தோட்டம் வேறு, வயல் வேறு. இதை மனதில் வாங்கிக்கொண்டால் மற்ற முடிவுகள் எல்லாம் சுலபம். கியூகென்ஹோஃப் என்பது 32 ஹெக்டேர், அதாவது சுமார் 80 ஏக்கர் பரப்பில் இருக்கும், டிக்கெட் வாங்கி உள்ளே போகும் பூங்கா. பெரிய மரங்கள், குளம், புல்வெளி, வளைந்து போகும் பாதைகள், நடுவே வடிவம் வடிவமாகப் பூப்பாத்திகள். மேலேயிருந்து எடுத்த படங்களில் சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாக நீளநீளமாய்த் தெரியும் பட்டைகள் அந்தப் பூங்காவில் இல்லை, அதைச் சுற்றியிருக்கும் விவசாய நிலத்தில் இருக்கின்றன. அந்த நிலத்தைச் சாலையிலிருந்து பார்க்க டிக்கெட் கிடையாது, பல இடங்களில் வேலிகூடக் கிடையாது, ஆனால் அது ஒருவருடைய வயல். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம், ஆனால் இரண்டும் ஒரே வாரத்தில் உச்சத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் தேதி கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: உங்களுக்குத் தோட்டம் முக்கியமா, வயல் முக்கியமா?

பூங்கா மார்ச் மூன்றாம் வாரம் திறந்து மே இரண்டாம் வாரம் மூடிவிடும். வருடத்தில் எட்டு வாரம்தான். அந்த எட்டு வாரமும் ஏதாவது பூத்துக்கொண்டே இருப்பதற்காக அவர்கள் செய்யும் ஏற்பாடு எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். டியூலிப், ஹயசிந்த், டாஃபடில், குரோக்கஸ் எல்லாமே வெங்காயம் மாதிரி இருக்கும் ஒரு கிழங்கிலிருந்து முளைப்பவை. அக்டோபர் வாக்கில் தோண்டத் தொடங்கி டிசம்பருக்குள் சுமார் 70 லட்சம் கிழங்குகளைத் தோட்டக்காரர்கள் கையாலேயே நட்டுவிடுகிறார்கள். பல பாத்திகளில் அடுக்கடுக்காக நடுவார்கள்: கடைசியாகப் பூக்கும் டியூலிப் அடியில், முன்னதாகப் பூக்கும் டியூலிப் அதற்கு மேல், குரோக்கஸ் போன்ற சின்னக் கிழங்குகள் எல்லாவற்றுக்கும் மேல். மேலடுக்கு பூத்து ஓய்ந்த இடத்திலேயே அடுத்த அடுக்கு தலைகாட்டும். அதனால் தோட்டத்துக்கு மட்டும் போகிறவர் எந்த வாரம் போனாலும் வெறும் மண்ணைப் பார்த்துவிட்டு வர மாட்டார். மார்ச் கடைசியில் வெளியே கொஞ்சம் பச்சையாகத்தான் இருக்கும், ஆனால் உள்ளரங்குகளில் டியூலிப் நிறைந்திருக்கும்.

வயலில் இந்த ஏற்பாடு எதுவும் இல்லை. ஒரு வயலில் ஒரு பயிர், அது பூக்கும்போது பூக்கும், வெட்டும்போது வெட்டிவிடுவார்கள். மார்ச்சில் குரோக்கஸ், மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் பாதிவரை டாஃபடிலும் ஹயசிந்தும், ஏப்ரல் பாதியிலிருந்து மே தொடக்கம்வரை டியூலிப். குளிர்காலம் மிதமாக இருந்த வருடங்களில் எல்லாமே முன்னால் தள்ளிவரும், குளிர் நீடித்தால் பின்னால் போகும். வயல்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஏப்ரல் மூன்றாவது வாரம் என்று சொல்வேன். தோட்டம் போதும், கூட்டம் குறைவாக இருக்க வேண்டும் என்பவர்களுக்கு மே முதல் வாரத்தின் ஒரு வேலைநாள். அப்போது வயல்களில் நிறம் குறைந்திருக்கும், ஆனால் தோட்டத்துக்குள் கடைசி அடுக்கு டியூலிப்கள் வந்திருக்கும். இதழ் ஓரத்தில் பிசிறு வைத்தவை, கிளி மூக்கு மாதிரி மடங்கியவை, இரட்டை அடுக்கு இதழ் கொண்டவை, இவற்றில் பல அந்தச் சமயத்தில்தான் வரும். என்னைக் கேட்டால் அதுதான் தோட்டத்தின் சிறந்த வாரம்.

தவிர்க்க வேண்டிய நாட்களும் உண்டு. ஈஸ்டர் வாரக் கடைசி, ஏப்ரல் 27-இல் வரும் மன்னர் தினத்தை ஒட்டிய நாட்கள், அப்புறம் பூ ஊர்வல நாள். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை நோர்ட்வைக்கிலிருந்து ஹார்லெம்வரை பூவால் அலங்கரித்த பெரிய வண்டிகள் ஊர்வலமாகப் போகும், கியூகென்ஹோஃப் வழியாகவும் போகும். ஊர்வலம் பார்க்கவே வருகிறீர்கள் என்றால் அன்று வாருங்கள், அது ஒரு தனி அனுபவம், ஹயசிந்த் வாசனை வண்டிக்கு முன்னாலேயே வந்துவிடும். ஆனால் அன்று தோட்டத்தையும் நிதானமாகப் பார்க்கலாம் என்று திட்டமிட வேண்டாம். சாலைகள் அடைபட்டுவிடும்.

இது என்ன மாதிரி இடம் என்று தெரிந்துகொண்டு போனால் பார்க்கும் விதமே மாறும். 15-ஆம் நூற்றாண்டில் இந்த இடம் யாக்கோபா என்ற சீமாட்டியின் வேட்டைக்காடு, அவருடைய கோட்டைச் சமையலுக்குக் கீரையும் மூலிகையும் போன நிலம். 1641-இல் பக்கத்தில் மாளிகை கட்டினார்கள். 1857-இல் யான் டாவிட் சோகரும் அவர் மகன் லூயி பவுல் சோகரும் மாளிகையைச் சுற்றிய தோட்டத்தை ஆங்கில பாணியில் மாற்றி அமைத்தார்கள். ஆம்ஸ்டர்டாமின் ஃபாண்டல் பூங்காவை வடிவமைத்ததும் அதே குடும்பம்தான். இன்றைக்குப் பூப்பாத்திகளுக்குப் பின்னால் தெரியும் வளைவான குளமும் மரக்கூட்டமும் அந்த வேலையின் தொடர்ச்சி. 1949-இல் கிழங்கு விவசாயிகளும் ஏற்றுமதியாளர்களுமாக 20 பேர் சேர்ந்து, தங்கள் சரக்கைப் பூத்த நிலையிலேயே வாங்குபவர்களுக்குக் காட்ட ஒரு இடம் வேண்டும் என்று இந்தப் பூங்காவைத் தேர்ந்தெடுத்தார்கள். 1950-இல் திறந்தார்கள். முதல் வருடமே 2,36,000 பேர் வந்தார்கள்.

ஆக, இது விவசாயிகள் தங்கள் பயிரைக் காட்டும் இடம். இன்றைக்கும் சுமார் 100 நிறுவனங்கள் கிழங்கு கொடுக்கின்றன, டியூலிப்பில் மட்டும் 800 வகை. ஒவ்வொரு பாத்தியிலும் வகையின் பெயர் எழுதிய சின்னப் பலகை இருக்கும். பெரும்பாலானவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். தயவுசெய்து படியுங்கள். பிடித்த பூவின் பலகையையும் சேர்த்துப் படம் எடுத்துவைத்துக்கொண்டால் பின்னால் கிழங்கு வாங்கும்போது உதவும், கூடவே, தூரத்தில் எல்லாம் ஒரே சிவப்பாகத் தெரிந்த இடத்தில் நான்கு வேறு வேறு சிவப்பு இருப்பதும் கண்ணில் படும். சீசன் முடிந்ததும் கிழங்குகளைத் தோண்டி எடுத்துவிடுவார்கள். அடுத்த வருடம் புது வரைபடம், புது நடவு. போன வருடம் பார்த்த பாத்தி இந்த வருடம் இருக்காது. 2020-இல் கொரோனாவால் கதவு திறக்காமலேயே அந்த வருடத்துப் பூ முழுக்கப் பூத்து முடிந்தது. நட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

நேரத்துக்கு வருகிறேன். காலை 8 மணிக்குத் திறக்கிறார்கள், மாலை 7.30-க்கு மூடுகிறார்கள். சுற்றுலாப் பேருந்துகள் வந்து குவிவது 10.30-இலிருந்து 4 மணிக்குள். அதனால் காலையில் சீக்கிரம் போங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், சரியான யோசனைதான், ஆனால் ஒன்றை யாரும் சொல்வதில்லை. டியூலிப் வெப்பத்துக்கு ஏற்பத் திறந்து மூடும் பூ. ஏப்ரல் காலையில் 4, 5 டிகிரி இருக்கும்போது எல்லாம் இறுக்க மூடிக்கொண்டு நிற்கும். வெயில் ஏற ஏற இதழ் விரியும், சாயங்காலம் குளிர ஆரம்பித்ததும் மறுபடி கூம்பும். மூடிய டியூலிப்தான் அழகு, அந்தக் கிண்ண வடிவம்தான் வேண்டும் என்பவர்களுக்குக் காலை. உள்ளே இருக்கும் கறுப்பும் மஞ்சளுமான நடுப்பகுதியைப் பார்க்க வேண்டும் என்றால் பிற்பகல். நான் யாரையாவது கூட்டிப்போனால் பிற்பகல் 2, 3 மணிக்கு உள்ளே போய், முதலில் உள்ளரங்குகளைப் பார்த்துவிட்டு, கூட்டம் கரையத் தொடங்கும் 4 மணிக்கு மேல் வெளியே பாத்திகளைப் பார்ப்போம். பூ அப்போதும் விரிந்தே இருக்கும், வெயில் சாய்ந்திருக்கும், ஏப்ரல் கடைசியில் இங்கே இருட்டவே 9 மணி ஆகும். 5.30-க்கு மேல் குளத்தைச் சுற்றி நடந்து பாருங்கள், மதியம் முட்டி மோதிக்கொண்டிருந்த அதே பாதையா என்று இருக்கும்.

டிக்கெட்டை அதிகாரப்பூர்வ இணையதளத்தில் முன்கூட்டியே வாங்குங்கள். தேதியும் உள்ளே நுழையும் நேரமும் தேர்ந்தெடுக்க வேண்டும். நுழைய மட்டும்தான் அந்த நேரக் கட்டுப்பாடு, உள்ளே போனபின் மூடும்வரை இருக்கலாம். பெரியவர்களுக்கு 20 யூரோவை ஒட்டி இருக்கும், 4 முதல் 17 வயதுவரை அதில் ஏறக்குறைய பாதி, அதற்கும் சின்னக் குழந்தைகளுக்கு இலவசம். ஏப்ரல் நடுவில் வரும் சனி ஞாயிறுகளில் நல்ல நேரங்கள் முதலில் தீர்ந்துவிடும். தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் சில தளங்கள் மறுவிற்பனை செய்பவை, அதே டிக்கெட்டுக்குக் கூடுதல் விலை வைப்பவை. முகவரியை ஒருமுறை பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ரயில் நிலையம் பக்கத்தில் இல்லை, பேருந்தில்தான் போக வேண்டும். நுழைவும் பேருந்தும் சேர்ந்த டிக்கெட் இணையத்தில் கிடைக்கும், அதை வாங்குவதுதான் லாபம். ஸ்கிபோல் விமான நிலையத்திலிருந்து 858, லெய்டன் ரயில் நிலையத்திலிருந்து 854, ஆம்ஸ்டர்டாம் ராய் பகுதியிலிருந்து 852, ஹார்லெமிலிருந்து 850. ஸ்கிபோலில் வரிசை நீளமாக இருக்கும், விமானத்தில் வந்திறங்கியவர்களும் ஊருக்குள்ளிருந்து வருபவர்களும் அங்கேதான் கூடுகிறார்கள். எனக்கு லெய்டன் வழிதான் பிடிக்கும். பயணம் அரை மணி நேரத்துக்குள், திரும்பி வந்தால் பார்ப்பதற்கு ஒரு அழகான பழைய ஊரும் இருக்கிறது. திரும்பும் பேருந்துக்கு 4.30-இலிருந்து 5.30 வரைதான் பெரிய வரிசை. அந்த நேரத்தில் கிளம்பாமல் இன்னும் ஒரு மணி நேரம் உள்ளே இருந்துவிட்டு வந்தால் நிம்மதியாக உட்கார்ந்து போகலாம்.

உள்ளே போனதும் எல்லோரும் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் பாத்தியிலேயே நின்று படம் எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். அதைத் தாண்டி நேராகக் காற்றாலை இருக்கும் எல்லைக்குப் போய்விடுங்கள். அந்தக் காற்றாலை 1892-இல் க்ரோனிங்கன் மாகாணத்தில் கட்டப்பட்டது, 1957-இல் இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். மேல்தளத்துக்கு ஏறலாம், அங்கிருந்து பூங்காவுக்கு வெளியே இருக்கும் வயல்கள் தெரியும். வயல் பார்க்கத் தனியாக நேரம் இல்லாதவர்களுக்கு இதுவே வழி. காற்றாலைப் பக்கத்திலிருந்து சத்தமில்லாத மின்சாரப் படகும் போகிறது, வயல்களுக்கு நடுவே கால்வாயில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம். தனிக் கட்டணம். நடக்க முடியாத பெரியவர்கள் கூட வந்தால் அது கொடுக்கும் காசுக்குத் தகும்.

உள்ளரங்குகளில் வில்லம் அலெக்சாண்டர் அரங்கம்தான் பெரியது, சீசன் கடைசியில் அங்கே லில்லிக் கண்காட்சி நடக்கும். பியாட்ரிக்ஸ் அரங்கில் ஆர்க்கிட். ஆரஞ்சு நாசாவ் அரங்கில் பூ அலங்காரம் அடிக்கடி மாறும். மழை வந்தால் இவற்றுக்குள் ஒதுங்கிக்கொள்ளலாம், மழையும் நிச்சயம் வரும். ஏப்ரல் மாதத்தில் ஒரே மதியத்தில் வெயில், ஆலங்கட்டி, காற்று எல்லாம் பார்த்துவிடலாம். குடையைக் காற்று திருப்பிவிடும், தலைமூடி வைத்த மழைக்கோட்டு போதும். பட்டுப்புடவையில் படம் எடுக்க ஆசைப்பட்டு வரும் அக்காமார்களுக்கு: கட்டுங்கள், இந்தப் பூக்களுக்கு நடுவே காஞ்சிப் பட்டு அவ்வளவு நன்றாக இருக்கும், ஆனால் உள்ளே வெப்ப உடையும் காலுக்கு ஷூவும் போட்டுக்கொள்ளுங்கள். பாதைகள் பெரும்பாலும் சமதளம், சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும், முன்பதிவு செய்துகொள்வது நல்லது. வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுபோகலாம். புளியோதரைப் பொட்டலமும் ஒரு ஃபிளாஸ்க் காபியும் இருந்தால் உள்ளே விற்கும் விலைக்கு அஞ்ச வேண்டாம். உட்கார பெஞ்சு நிறையவே இருக்கிறது.

இனி வயல். எனக்கு மனம் நிற்கும் இடம் இதுதான்.

லிஸ்ஸே, ஹில்லெகோம், நோர்ட்வைக்கர்ஹவுட் என்று இந்த ஊர்களைச் சுற்றிய நிலம் கடற்கரை மணல்மேடுகளுக்குப் பின்னால் இருக்கிறது. பழைய மணல்மேடுகளை வெட்டி, மணலைக் கால்வாய் வழியாகப் படகில் ஏற்றி நகரங்கள் கட்ட விற்றுவிட்டு, மட்டமாகிப்போன நிலத்தில் கிழங்கு போட ஆரம்பித்தார்கள். மணல் என்பதால் தண்ணீர் தேங்காது, கிழங்கு அழுகாது. ஓடைகளில் தண்ணீர் மட்டத்தைக் கட்டுப்படுத்துவதால் வேருக்கு ஈரமும் குறையாது. இந்த இரண்டும் சேர்ந்து அமைந்த மண் என்பதால்தான் பூ விவசாயம் இங்கே காலூன்றியது.

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை போட்டிருக்கும் என் பெரியப்பா வந்திருந்தபோது நோர்ட்வைக்கர்ஹவுட்டுக்குப் பக்கத்தில் ஒரு வயலோரம் வண்டியை நிறுத்தினேன். ஒரு இயந்திரம் வரிசை வரிசையாகப் போய் நன்றாகப் பூத்திருந்த டியூலிப்களின் தலையை வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தது. அவருக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, பூத்ததை இப்படி வெட்டிப் போடுறாங்களே, ஏன், விலை விழுந்துபோச்சா?" என்று கேட்டார். விடிவதற்கு முன்னால் மொட்டாகப் பறித்துச் சந்தைக்கு அனுப்பிப் பழகியவர், நேரம் தவறினால் என்ன நஷ்டம் என்று தெரிந்தவர். இந்த வயலில் விற்பது பூ இல்லை பெரியப்பா, கிழங்கு என்று சொன்னேன். பூ விதை பிடிக்க விட்டால் செடியின் சத்து அதற்குப் போய்விடும், தலையைக் கிள்ளிவிட்டால் சத்தெல்லாம் கீழே இறங்கிக் கிழங்கு பருக்கும், ஜூன் ஜூலையில் தோண்டி எடுப்பார்கள், கடையில் கட்டாக விற்கும் டியூலிப் பெரும்பாலும் கண்ணாடிக் கூடத்துக்குள் வளர்ப்பது என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப பூக்குற வரைக்கும் ஏன் விடணும், மொட்டுலயே கிள்ளிடலாமே?" என்று கேட்டார். நான் கூட்டிப்போன வேறு யாரும் கேட்காத கேள்வி.

அதற்குப் பதில் பக்கத்து வயலிலேயே இருந்தது. அங்கே ஒருவர் வரிசைகளுக்கு நடுவே தலையைக் குனிந்தபடி மெதுவாக நடந்து, அங்கங்கே நின்று ஒரு செடியைக் கிழங்கோடு எடுத்துக்கொண்டிருந்தார். நான் வாய் திறப்பதற்குள் பெரியப்பாவே சொல்லிவிட்டார்: "நோய்ச் செடியைப் பிடுங்குறாரு." அதேதான். வைரஸ் தாக்கிய செடியை இதழில் விழும் கோடுகளை வைத்து எளிதாக அடையாளம் காணலாம், வேறு வகைக் கிழங்கு தவறிக் கலந்திருந்தாலும் பூவின் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். அதற்காகத்தான் பூக்கவிட்டு, பார்த்து, களையெடுத்து, பிறகு வெட்டுகிறார்கள். நாம் படம் எடுக்கும் அந்த நிறப் பட்டைகள் அந்தச் சோதனைக்குத் தேவையான சில நாட்கள் மட்டும் இருப்பவை.

17-ஆம் நூற்றாண்டில் ஒரே கிழங்குக்குப் பெரும் தொகை கொடுத்து வாங்கிய டியூலிப்கள் இதே கோடு போட்டவைதான். வெள்ளையில் சிவப்புத் தீ நாக்கு மாதிரி படர்ந்த பூ. அந்தக் கோடு வருவது அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸால் என்று 20-ஆம் நூற்றாண்டில்தான் கண்டுபிடித்தார்கள். அந்தக் கிழங்கு வியாபாரத்தின் சரிவு 1637 பிப்ரவரியில் ஹார்லெமில் தொடங்கியது. அன்று அத்தனை விலை கொடுத்த அதே கோட்டைத்தான் இன்று அந்த மனிதர் தேடித்தேடிப் பிடுங்குகிறார். இந்த வரலாறு பிடித்திருந்தால் லிஸ்ஸே ஊருக்குள் கறுப்பு டியூலிப் அருங்காட்சியகம் என்ற சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது, பூங்காவுக்குள் யூலியானா அரங்கிலும் டியூலிப் வரலாறு வைத்திருக்கிறார்கள். லெய்டனில் இறங்கினால் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் தோட்டத்துக்கும் போங்கள். 1590-இல் தொடங்கிய தோட்டம் அது, தாவரவியலாளர் கரோலுஸ் க்ளூசியுஸ் அங்கே நட்ட டியூலிப்கள் 1594-இல் பூத்தன.

வயலுக்குள் கால் வைக்காதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். வரிசைக்கு நடுவே உட்கார்ந்து ஒரு படம் எடுத்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். செருப்பிலும் ஷூவிலும் ஒட்டிய மண் வழியாக ஒரு வயலின் நோய் இன்னொரு வயலுக்குப் போகும், மிதித்தால் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு நசுங்கும், ஒடிந்த செடியில் கிழங்கு பருக்காது. இப்போது பல வயல்களில் கயிறு கட்டி, பல மொழிகளில் பலகை வைத்து, ஏப்ரலில் ஆள்போட்டே காவல் காக்கிறார்கள். அந்தச் செலவு அந்த விவசாயிக்குத்தான். பெரியப்பா வரப்போரத்து ஓடையைத் தாண்டவே இல்லை, தாண்டிப் போய்ப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு ஜோடியைக் கைதட்டிக் கூப்பிட்டுத் தமிழிலேயே "வெளிய வாங்கப்பா" என்றார், அவர்களும் வந்துவிட்டார்கள். சாலையிலிருந்தே குனிந்து, கேமராவைப் பூ உயரத்துக்கு இறக்கி எடுத்தால் வரிசைகள் நெருங்கி, நீங்கள் பூவுக்குள் நிற்பது போலவே படம் வரும். உள்ளே நின்று படம் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், அதற்கென்றே கட்டணம் வாங்கி அனுமதிக்கும் பண்ணைகள் இந்தப் பகுதியில் உண்டு, அங்கே போங்கள்.

வயல் பார்க்கச் சிறந்த வழி சைக்கிள். பூங்கா வாசலுக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு எடுக்கலாம், 5 கிலோமீட்டரிலிருந்து 25 கிலோமீட்டர்வரை வழிப்படம் கொடுப்பார்கள். சந்திப்புகளில் எண் போட்ட பலகைகள் இருக்கும், அடுத்த எண்ணைப் பார்த்துப் போனால் வழி தவறாது. நிலம் தட்டை, ஏற்றமே இல்லை, எதிர்காற்று மட்டும்தான் சிரமம். போகும்போது காற்று முதுகில் தள்ளினால் திரும்பும்போது என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஹயசிந்த் வயலுக்குக் காற்று வாக்கில் நின்றால் வாசனை கனமாக வந்து விழும், சிலருக்குத் தலைவலிகூட வரும். அந்தக் கிழங்கைக் கையாளும் தொழிலாளர்களுக்கு அதன் தோலில் இருக்கும் ஊசிப் படிகங்களால் கையும் கழுத்தும் அரிக்குமாம், இங்கே அது எல்லோருக்கும் தெரிந்த தொழில் தொல்லை.

வழியில் சில வீட்டு வாசல்களில் பூச்சரம் தொங்கும். ஹயசிந்தையும் டாஃபடிலையும் கோத்த மாலைகள். வாங்கி காரின் முகப்பில் கட்டிக்கொண்டு போவது இந்தப் பகுதியின் பழைய வழக்கம். எங்கள் வண்டிக்கு ஒன்று வாங்கினோம், பெரியப்பா அதைக் கையில் வாங்கி முடிச்சு எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாரு இல்ல, ஊசியில கோத்திருக்காங்க."

சைக்கிளும் முடியாது, காரும் இல்லை என்றால் லெய்டனிலிருந்து ஹார்லெம் போகும் ரயிலில் ஏறுங்கள். ஃபோர்ஹவுட்டுக்கும் ஹில்லெகோமுக்கும் நடுவே ரயில் வயல்களுக்குள்ளேயே போகும், இரண்டு பக்கமும் நிறம். அதிவேக வண்டியில் ஏறிவிட்டால் கண் சிமிட்டும் நேரம்தான், ஒவ்வொரு நிலையத்திலும் நின்று போகும் வண்டியாகப் பார்த்து ஏறுங்கள்.

கடைசியாகக் கிழங்கு வாங்குவது பற்றி. ஏப்ரலில் டியூலிப் கிழங்கு எல்லாம் மண்ணுக்குள் பூத்துக்கொண்டிருக்கும், அதனால் நீங்கள் பார்த்துப் பிடித்த வகைக்கு இப்போது ஆர்டர் கொடுத்தால் இலையுதிர் காலத்தில் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஐரோப்பாவில் இருப்பவர்கள் தயங்காமல் கொடுங்கள், பால்கனித் தொட்டியே போதும். நவம்பரில் கிழங்கின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு ஆழத்தில், கூர்முனை மேலே பார்க்க நட்டு, தொட்டியை வெளியிலேயே விட்டுவிடுங்கள், அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கட்டும். பனியைப் பார்த்துப் பயந்து வீட்டுக்குள் எடுத்துவைத்தால் பூக்காது. டியூலிப் பூக்க மூன்று நான்கு மாதக் குளிர் வேண்டும். சென்னைக்கும் மதுரைக்கும் வாங்கிப்போக ஆசைப்படுபவர்களிடம் நான் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன், அந்தக் குளிர் அங்கே கிடையாது. ஸ்ரீநகரில் இருக்கும் டியூலிப் தோட்டம் அந்த ஊர்க் குளிரால்தான் நடக்கிறது. தவிர, இந்தியாவுக்குக் கிழங்கோ செடியோ கொண்டுபோக தாவர நலச் சான்றிதழும் இறக்குமதி அனுமதியும் வேண்டும், விமான நிலையக் கடையில் வாங்கியது என்பதால் அந்த விதி தளர்ந்துவிடாது. ஊருக்குக் கொண்டுபோக ஏதாவது வேண்டும் என்றால் மரத்தில் செய்த டியூலிப் பூங்கொத்து எல்லாக் கடையிலும் இருக்கிறது, பெட்டியில் நசுங்காது, கஸ்டம்ஸிலும் யாரும் நிறுத்த மாட்டார்கள்.